காலையில் செல்ஃப் எடுக்கவில்லையா? மூன்று முறை வோல்ட் பாருங்கள்

பேட்டரிக் கடைகளில் அடிக்கடி காதில் விழும் பேச்சு ஒன்று உண்டு: “நேத்து ராத்திரி வரைக்கும் நல்லாத்தானே ஓடிச்சு!” சொல்பவர் பொய் சொல்லவில்லை. நம் ஊர் வெயிலில் கார் பேட்டரி பெரும்பாலும் அப்படித்தான் போகிறது. பல மாதங்களாக உள்ளே தேய்ந்துகொண்டே வரும். வெளியே ஒன்றும் தெரியாது. ஒரு நாள் காலையில் படுத்துவிடும்.

ஏன் அப்படி என்று புரிய, பெட்டிக்குள் நடப்பதைக் கொஞ்சம் பார்க்க வேண்டும். 12 வோல்ட் பேட்டரி என்பது வரிசையாக இணைத்த ஆறு செல்கள். ஒவ்வொரு செல்லும் சுமார் 2.1 வோல்ட் தரும். அதனால் முழு சார்ஜில், எதுவும் ஓடாமல் இருக்கும்போது 12.6 வோல்ட்டுக்குச் சற்று மேலே காட்டும். செல்லுக்குள் நேர்மின் தகட்டில் ஈய டை ஆக்சைடு, எதிர்மின் தகட்டில் பஞ்சு போன்ற ஈயம், இடையே நீர் கலந்த கந்தக அமிலம். மின்சாரம் எடுக்க எடுக்க இரண்டு தகடுகளிலும் ஈய சல்பேட்டு படியும், அமிலம் நீர்த்துப்போகும். சார்ஜ் செய்தால் இது திரும்பி நடக்கும். 1859இல் பிரான்ஸின் காஸ்டன் பிளான்டே செய்துகாட்டிய அதே வேதியியல்தான். 1912இல் சார்லஸ் கெட்டரிங்கின் மின் ஸ்டார்ட்டர் கேடிலாக் காரில் வந்தபின் அது பானெட்டுக்குள் நிரந்தரமாக இடம் பிடித்தது.

பேட்டரிக்கு முக்கியமாக இரண்டு வழிகளில் சாவு வரும். முதலாவது, அரைகுறை சார்ஜில் கிடப்பது. புதிதாகப் படிந்த ஈய சல்பேட்டு பொடியாக இருக்கும். சார்ஜ் ஏறினால் கரைந்துவிடும். நாள்கணக்கில் விட்டுவிட்டால் அந்தப் பொடி பெரிய, கெட்டியான படிகங்களாக வளரும். அதன்பின் எவ்வளவு சார்ஜ் போட்டாலும் முழுதும் கரையாது. தகட்டின் அந்தப் பகுதி பேட்டரிக்கு இல்லாததாகிவிடும். இரண்டாவது, நேர்மின் தகட்டைத் தாங்கும் ஈயக் கம்பிவலை அரித்துப்போவது. இது வெயிலின் வேலை. வெப்பநிலை 10 டிகிரி செல்சியஸ் கூடினால் இந்த அரிப்பின் வேகம் ஏறக்குறைய இரட்டிப்பாகும். சித்திரை வெயிலில் நெரிசலில் ஊர்ந்துகொண்டிருக்கும் காரின் பானெட்டுக்குள் 60 டிகிரியைத் தாண்டுவது சாதாரணம். நீரும் கூடவே ஆவியாகிக் குறையும். குளிர்ந்த நாடுகளில் ஐந்தாறு வருடம் உழைக்கும் பேட்டரி சென்னையிலோ மதுரையிலோ மூன்று, நான்கு வருடத்தில் முடிவதற்கு இதுதான் காரணம்.

வெயில் இன்னொன்றும் செய்கிறது: பழுதை மறைக்கிறது. சூட்டில் இன்ஜின் ஆயில் இளகி இருக்கும், இன்ஜின் சுலபமாகச் சுற்றும். பேட்டரிக்குள் வேதிவினையும் சுறுசுறுப்பாக நடக்கும். பாதித் திறனை இழந்த பேட்டரிகூட அரை நொடியில் வண்டியைக் கிளப்பிவிடும். அந்த வண்டியோடு மலையேறி ஊட்டியில் ஓர் இரவு தங்கினால் குட்டு வெளிப்படும். 0 டிகிரி அருகே நல்ல பேட்டரியே தன் பலத்தில் மூன்றில் ஒரு பங்கை இழக்கும், ஆயிலும் கெட்டியாகியிருக்கும். மூன்று வருடத்துக்கு மேலான பேட்டரியோடு டிசம்பர், ஜனவரியில் மலைப் பயணம் போவதென்றால், கிளம்புமுன் கட்டாயம் சோதித்துவிடுங்கள்.

சோதிக்கத் தேவை ஒரு மல்டிமீட்டர், கூட ஓர் ஆள். டி.சி. 20 வோல்ட் அளவில் வைத்து, சிவப்பு முனையை பேட்டரியின் பிளஸ் முளையிலும் கறுப்பு முனையை மைனஸ் முளையிலும் வையுங்கள். கவனியுங்கள், முளையில், மேலே மாட்டியிருக்கும் கிளாம்பில் அல்ல. இதை மூன்று முறை பார்க்க வேண்டும்.

முதல் முறை, வண்டி இரவு முழுக்க நின்றபின். ஓட்டி நிறுத்திய உடனே பார்த்தால் தகட்டின் மேற்பரப்பில் ஏறிய சார்ஜ் பொய்க் கணக்குக் காட்டும். 12.6 என்றால் நிறைவு. 12.4 என்றால் சுமார் முக்கால், 12.2 பாதி, 12.0 கால் பங்கு, 11.8 என்றால் காலி. 10.5 அருகே வந்து நின்று, சார்ஜ் போட்டும் ஏறவில்லை என்றால் ஆறில் ஒரு செல் போய்விட்டது (12.6இல் 2.1 போனால் 10.5). அந்த பேட்டரியை சார்ஜ் போட்டுப் பிழைக்கவைக்க முடியாது.

இரண்டாம் முறை, செல்ஃப் அடிக்கும்போது. பலர் விட்டுவிடுவது இதைத்தான். 12.6 காட்டும் பேட்டரியும் செத்ததாக இருக்கலாம். சும்மா இருக்கும்போதுள்ள வோல்ட் சார்ஜைச் சொல்லும், பலத்தைச் சொல்லாது. உதவிக்கு வந்தவர் சாவியைத் திருப்பட்டும். எரிபொருளை இன்ஜெக்டர் பீய்ச்சும் பல பெட்ரோல் கார்களில் ஆக்சிலரேட்டரை முழுக்க அழுத்திக்கொண்டு செல்ஃப் அடித்தால் பெட்ரோல் வராது. இன்ஜின் பிடிக்காமல் சுற்றும், அளக்க நேரம் கிடைக்கும். 9.6 வோல்ட்டுக்குக் கீழே இறங்கக் கூடாது. நல்ல பேட்டரி 10க்கு மேலேயே நிற்கும். இரவெல்லாம் 12.6இல் இருந்துவிட்டு செல்ஃபில் 8க்குச் சரிந்தால் மாற்ற வேண்டியதுதான். 12.1இல் இருந்தது 9க்கு வந்தால் முடிவெடுக்காதீர்கள். முழுக்க சார்ஜ் செய்துவிட்டு மறுபடி பாருங்கள்.

மூன்றாம் முறை, இன்ஜின் ஓடும்போது, ஹெட்லைட்டும் ஏ.சி. ஃபேனும் போட்டபடி. 13.8 முதல் 14.5 வரை வந்தால் ஆல்டர்னேட்டர் (ஓடும்போது பேட்டரியை சார்ஜ் செய்யும் ஜெனரேட்டர்) சரி. 13.2ஐ எட்டவே திணறினால் பெல்ட் தளர்ந்திருக்கலாம், ஆல்டர்னேட்டரில் கார்பன் பிரஷ் தேய்ந்திருக்கலாம். 15ஐத் தாண்டினால் வோல்ட்டைக் கட்டுப்படுத்தும் ரெகுலேட்டர் பழுது. பேட்டரி நீரைக் கொதிக்கவைத்தே தீர்த்துவிடும். இந்த நிலையில் புது பேட்டரி போட்டால் அதுவும் சில மாதங்களில் போகும். (பேட்டரி சென்சார் உள்ள புதிய மாடல்களில் கம்ப்யூட்டரே வோல்ட்டை ஏற்றி இறக்கும். கிளப்பிய ஓரிரு நிமிடங்களில் வரும் எண்ணைக் கணக்கில் எடுங்கள்.)

மூன்று எண்களும் சரி, ஆனாலும் செல்ஃப் எடுக்கவில்லை என்றால்? முளையும் கிளாம்பும் சேரும் டெர்மினலைப் பாருங்கள். “லைட் பளிச்சுன்னு எரியுது, ஹாரன் அடிக்குது, செல்ஃப் மட்டும் எடுக்கல” என்ற புகாருக்கு விடை பெரும்பாலும் அங்கேதான் இருக்கும். ஒரு சிறிய பெட்ரோல் காரின் செல்ஃப் மோட்டார் சுமார் 150 ஆம்பியர் இழுக்கும். கிளாம்புக்கும் முளைக்கும் இடையே படிந்த வெள்ளை, நீலப் பொடியின் தடை வெறும் 0.01 ஓம் என்று வைத்துக்கொள்வோம். பார்க்கிங் லைட்டும் டாஷ்போர்டும் சேர்ந்து 5 ஆம்பியர் இழுத்தால் அங்கே இழப்பு 0.05 வோல்ட், கண்ணுக்கே தெரியாது. அதே இடத்தில் 150 ஆம்பியர் பாய முயன்றால் இழப்பு 1.5 வோல்ட். மோட்டார் சுற்றத் திணறும். எந்தப் பக்கம் பழுது என்று பார்க்க, மீட்டரின் ஒரு முனையை மைனஸ் முளையிலும் மறுமுனையை இன்ஜினின் வெறும் உலோகத்திலும் வைத்து செல்ஃப் அடியுங்கள். 0.3 வோல்ட்டுக்கு மேல் காட்டினால் எர்த் பக்கம் பழுது. பிளஸ் முளைக்கும் கிளாம்புக்கும் இடையேயும் இப்படியே பாருங்கள். அங்கே ஏறக்குறைய பூச்சியம் வர வேண்டும்.

சுத்தம் செய்ய ஒரு டம்ளர் வெந்நீரில் ஒரு மேசைக்கரண்டி சமையல் சோடா போதும். 10 மி.மீ. ஸ்பானரால் முதலில் மைனஸைக் கழற்றுங்கள், பிறகு பிளஸ். மாட்டும்போது பிளஸ் முதலில், மைனஸ் கடைசியில். காரின் பாடி முழுவதும் மைனஸ். மைனஸ் மாட்டியிருக்கும்போது பிளஸ் நட்டில் உள்ள ஸ்பானர் பாடியைத் தொட்டால் நூற்றுக்கணக்கான ஆம்பியர் அதன் வழியே பாயும். ஸ்பானர் பழுக்கக் காய்ந்து கையைச் சுட்டுவிடும். சோடாத் தண்ணீர் செல் மூடிகளுக்குள் போகாமல் பார்த்துக்கொண்டு பழைய பல் பிரஷால் தேய்த்து, துடைத்து, கிளாம்பை இறுக்கியபின் மேலே கொஞ்சம் வாசலின் தடவுங்கள். கிளாம்பைக் கையால் திருகிப் பார்த்தால் அசையக் கூடாது.

மீட்டர் கையில் இல்லாத நேரத்தில் காது உதவும். ‘டக டக டக’ என்று வேகமாக அடித்தால் பேட்டரியில் சார்ஜ் இல்லை. சாலினாய்டு (செல்ஃப் மோட்டாருக்கான மின்காந்த சுவிட்ச்) இழுத்து மோட்டாருக்கு இணைப்புத் தந்ததும் வோல்ட் விழுகிறது, சாலினாய்டு பிடியை விடுகிறது, வோல்ட் ஏறுகிறது, மறுபடி இழுக்கிறது. அந்தச் சத்தம்தான் அது. கனமான ஒரே ‘டக்’, லைட்டும் மங்கவில்லை என்றால் செல்ஃப் மோட்டாரையோ சாலினாய்டின் தொடுமுனையையோ சந்தேகிக்கலாம். சத்தமே இல்லை, டாஷ்போர்டு மட்டும் பிரகாசம் என்றால் கிளட்ச் சுவிட்ச், ஆட்டோமேட்டிக் காரில் கியர் பி-யில் இல்லாதது, ரிலே, சாவியின் இம்மொபிலைசர் (திருட்டைத் தடுக்கும் பூட்டு) என்று சந்தேகம் போகும். இன்ஜின் நன்றாகச் சுற்றுகிறது, பிடிக்கவில்லை என்றால் பேட்டரிமேல் பழி போடாதீர்கள். பெட்ரோலும் ஸ்பார்க்கும் வருகிறதா என்று பாருங்கள்.

வழியில் நின்றுவிட்டால் ஜம்பர் கேபிள். சிவப்பின் ஒரு முனை செத்த பேட்டரியின் பிளஸில், மறுமுனை நல்ல பேட்டரியின் பிளஸில். கறுப்பு முதலில் நல்ல பேட்டரியின் மைனஸில். அதன் கடைசி முனை செத்த வண்டியின் இன்ஜினில், பெயின்ட் இல்லாத உலோகத்தில், பேட்டரியை விட்டுத் தள்ளி. கடைசி இணைப்பில் பொறி பறக்கும். பேட்டரியிலிருந்து கசியும் ஹைட்ரஜன் காற்றில் 4 சதவீதம் சேர்ந்தாலே பற்றிக்கொள்ளும். பேட்டரி வெடித்து முகத்தில் அமிலம் தெறிப்பது இப்படித்தான். இந்த ஒரு விஷயத்தில் அவசரம் வேண்டவே வேண்டாம். நல்ல வண்டியை ஐந்து நிமிடம் ஓடவிட்டுப் பிறகு செல்ஃப் அடியுங்கள். ஒரு தடவைக்குப் பத்து நொடிக்கு மேல் வேண்டாம், இடையே ஒரு நிமிடம் மோட்டார் ஆறட்டும். கழற்றுவது அப்படியே தலைகீழ் வரிசை. உப்பிய, விரிசல் விட்ட பேட்டரிக்கு ஜம்ப் கொடுக்கவே கூடாது.

கிளம்பிவிட்டது, அரை மணி ஓட்டினால் சார்ஜ் ஏறிவிடும் என்பது தவறான நம்பிக்கை. முக்கால் பங்குக்கு மேல் பேட்டரி சார்ஜை மெதுவாகத்தான் வாங்கும். கடைசிப் பகுதிக்கு மணிக்கணக்கில் ஆகும். முழுக்க இறங்கிய 35 ஆம்பியர்-மணி பேட்டரியை வெளி சார்ஜரில் 3.5 ஆம்பியரில் பத்துப் பன்னிரண்டு மணி நேரம் போடுவதே அதற்கு வைத்தியம்.

அடிக்கடி இறங்குகிறதா? நின்றிருக்கும் காரிலும் அலாரம், கம்ப்யூட்டர், சாவி ரிசீவர் எல்லாம் மின்சாரம் குடிக்கும். 50 மில்லி ஆம்பியருக்குள் இருந்தால் சரி. 30 மில்லி ஆம்பியர் என்றே வைத்தாலும் வாரத்துக்கு 5 ஆம்பியர்-மணி போகும். வாரம் ஒரு முறை பத்து நிமிடம் நின்ற இடத்தில் ஓடவிட்டால், 12 ஆம்பியர் ஏறினாலும் திரும்பி வருவது 2 ஆம்பியர்-மணி. ஒவ்வொரு வாரமும் கடன் கூடும். வாரம் அரை மணியாவது நெடுஞ்சாலையில் ஓட்டினால் ஓரளவு ஈடாகும்; ஊருக்குப் போய் ஒரு மாதம் கழித்து வருவதென்றால் மைனஸைக் கழற்றி வைத்துவிட்டுப் போவது மேல். வெளியில் வாங்கி மாட்டிய டேஷ்கேம், ஜி.பி.எஸ். கருவிகள் இந்தத் திருட்டில் முதலிடம் பிடிப்பவை. 5 வாட் கேபின் விளக்கு இரவு முழுக்க எரிந்தாலும் நல்ல பேட்டரி தாங்கும். ஹெட்லைட்டை மறந்தால் நான்கு மணி நேரத்துக்குள் காலி.

மாற்றுவதென்று முடிவானால் பழைய பேட்டரியின் எண்ணைக் குறித்துக்கொண்டு போங்கள். 38பி20எல் என்பதில் 38 திறன் வரிசை எண். ஆம்பியர்-மணி அல்ல, அது 35தான். 20 என்பது நீளம், செ.மீ. கணக்கில். கடைசியில் எல், ஆர் என்பது முளைகள் எந்தப் பக்கம் என்பதைச் சொல்லும். மாற்றி வாங்கினால் கேபிள் எட்டாது. இழுத்து மாட்டினால் நாளடைவில் அறுந்து ஷார்ட் ஆகும். சிக்னலில் தானாக இன்ஜினை அணைக்கும் காரில் அடிக்கடி ஸ்டார்ட் ஆவதைத் தாங்கும் இ.எஃப்.பி. அல்லது ஏ.ஜி.எம். வகை பேட்டரி இருக்கும். அதே வகையையே போடுங்கள், சாதாரண பேட்டரி ஒரு வருடம்கூடத் தாங்காமல் போகலாம். தயாரித்த மாதத்தைப் பாருங்கள். மூன்று மாதத்துக்குள் இருந்தால் நல்லது. அலமாரியில் இருந்தாலும் பேட்டரி தானாக இறங்கிக்கொண்டேதான் இருக்கும். கடையிலேயே மீட்டர் வைக்கச் சொல்லி, 12.5க்குக் குறைந்தால் வேறு கேளுங்கள். உத்தரவாதத்தில் 24+24 என்றால் முதல் 24 மாதத்துக்குத்தான் இலவச மாற்று, அடுத்த 24க்கு விலையில் ஒரு பங்கு மட்டும் கழிப்பார்கள். பழையதைக் கடையிலேயே கொடுங்கள், விலையில் கழித்துக்கொள்வார்கள். அதன் எடையில் பாதிக்கு மேல் ஈயம், குழந்தைகளின் மூளையைப் பாதிக்கும் நஞ்சு. 2022ஆம் ஆண்டின் பேட்டரிக் கழிவு மேலாண்மை விதிகள் அதைத் திரும்பப் பெற்று மறுசுழற்சிக்கு அனுப்பும் பொறுப்பைத் தயாரிப்பாளர்மேல் வைத்திருக்கின்றன. உடைத்து ஈயம் எடுக்கும் காயலான் கடைக்கு அது போக வேண்டாம்.

மூடி திறக்கும் வகையானால் இரண்டு மாதத்துக்கு ஒரு முறை தகடுகளுக்கு மேல் ஒரு செ.மீ. உயரம் நிற்கும்வரை டிஸ்டில்டு வாட்டர் ஊற்றுங்கள். குழாய்த் தண்ணீரும் வீட்டு ஆர்.ஓ. தண்ணீரும் ஆகாது, உப்பு இருக்கும். அமிலம் ஊற்றவே கூடாது. ஆவியாகிப் போவது நீர் மட்டுமே. புது பேட்டரி மாட்டிய அன்றே செல்ஃப் அடிக்கும்போது எவ்வளவுக்கு இறங்கியது என்று பார்த்து, அந்த எண்ணையும் தேதியையும் மார்க்கரால் அதன் பக்கவாட்டில் எழுதிவிடுங்கள். முதல் நாள் 10.6 காட்டியது அடுத்தடுத்த கோடைகளில் 10.2, 9.8 என்று இறங்கி வந்தால், மாற்றும் நாளை நீங்களே குறித்துவிடலாம்.