சிமுலேட்டருக்கு கரண்ட்னா என்னன்னே தெரியாது

"சிமுலேஷன்ல கரெக்டா வருது சார், போர்டுல வரல." இல்லனா நேர் தலைகீழா, "போர்டுல ஓடுது, சாப்ட்வேர்ல எர்ரர் அடிக்குது." காலாப்பட்டுல இன்ஜினியரிங் சேர்ந்த பசங்களா இருந்தாலும் சரி, கடலூர்ல டிப்ளமோ படிக்கிறவங்களா இருந்தாலும் சரி, முதல் வருஷம் முடியறதுக்குள்ள இதுல ஒண்ண கண்டிப்பா சொல்லிருப்பாங்க. சர்க்யூட்ட கம்ப்யூட்டர்ல வரைஞ்சு ஓட்டிப் பாக்க எந்த சாப்ட்வேர் (அதுதான் சிமுலேட்டர்) போடலாம்னு கேக்குறவங்க நெறைய பேரு, அது உள்ள என்ன பண்ணுதுன்னு கேக்குறவங்க ரொம்ப கம்மி. அது உள்ள பண்றது வெறும் கணக்கு. நீங்க வரைஞ்ச படத்துல இருந்து சமன்பாடு எழுதி அத தீர்த்து நம்பர் குடுக்கும், அவ்ளோதான். நீங்க மனசுல நெனச்ச சர்க்யூட் என்னன்னு அதுக்குத் தெரியாது, வரைஞ்சது மட்டும்தான் தெரியும்.

ரொம்ப சின்ன சர்க்யூட்டா எடுத்துப்போம். 9 வோல்ட் பேட்டரி, அதுக்கு குறுக்க 10 கிலோ ஓம் ரெசிஸ்டர் ரெண்டு, ஒண்ணுக்கு அடுத்து ஒண்ணு. நடுவுல இருக்கிற பாயின்ட்ல எவ்ளோ வோல்ட்? பாதி, 4.5 வோல்ட்னு டக்குனு சொல்லிடுவீங்க. சிமுலேட்டர் அப்படி சொல்லாது. அந்த பாயின்ட்டுக்கு ஒரு பேர் வெக்கும் (இத நோடுன்னு சொல்லுவாங்க), அங்க உள்ள வர்ற கரண்ட்டும் வெளிய போற கரண்ட்டும் சமமா இருக்கணும்னு எழுதும். மேல இருந்து வர்றது, 9ல இருந்து நோடு வோல்டேஜ கழிச்சு 10 கிலோவால வகுத்தது. கீழ போறது, நோடு வோல்டேஜ 10 கிலோவால வகுத்தது. ரெண்டையும் சமம்னு போட்டா 4.5 வரும். இப்ப அந்த நடுப் பாயின்ட்ல 1 கிலோ ஓம் லோடு ஒண்ண மாட்டுங்க. சமன்பாட்டுல வெளிய போற பக்கம் இன்னொரு உறுப்பு சேருது, தீர்த்துப் பாத்தா விடை 0.75 வோல்ட். 4.5 எங்க, 0.75 எங்க! ரெண்டு ரெசிஸ்டர் வெச்சு வோல்டேஜ பிரிச்சு அதுல மோட்டார் ஓட்டப் போறேன்னு கெளம்புறவங்க இந்த ஒரு கணக்க போட்டுப் பாத்தாலே போதும்.

உள்ள வர்றதும் வெளிய போறதும் சமம்ங்கிற இந்த விதி கிர்க்காஃப் சொன்னது, 1845ல, அப்ப அவருக்கு வயசு 21, கோனிக்ஸ்பெர்க் யுனிவர்சிட்டில ஸ்டூடன்ட். இன்னிக்கு இருக்கிற பெரும்பாலான சர்க்யூட் சாப்ட்வேர் அந்தப் பையன் எழுதுனத தான் நோடு நோடா எழுதி, மேட்ரிக்ஸா அடுக்கி, தீர்க்குது. நூறு நோடு இருந்தா நூறு சமன்பாடு, கையில போட்டா விடிஞ்சிடும், கம்ப்யூட்டருக்கு கண்ணிமைக்கிற நேரம்.

இதுல இருந்து புதுசா வர்றவங்களுக்கு வர்ற முதல் எர்ரரும் புரியும். வோல்டேஜ்ங்கிறது எப்பவுமே ரெண்டு பாயின்ட்டுக்கு நடுவுல உள்ள வித்தியாசம். அதனால ஏதாவது ஒரு பாயின்ட்ட ஜீரோன்னு வெச்சாதான் மத்ததுக்கு நம்பர் சொல்ல முடியும், அதுதான் கிரவுண்ட். பேட்டரி மைனஸ்ல கிரவுண்ட் சிம்பல் போடாம ரன் அமுக்கினா, எல்லா வோல்டேஜையும் ஒரே அளவு ஏத்தினாலும் எறக்கினாலும் சமன்பாடு ஒத்துப் போகும், அதனால ஒரே விடைன்னு ஒண்ணு கெடைக்காது, 'சிங்குலர் மேட்ரிக்ஸ்'னு கத்தும். ஒரு வயரு ஒட்டாம அந்தரத்துல தொங்குனாலும், ரெண்டு கெபாசிட்டருக்கு நடுவுல மாட்டுன பாயின்ட்டுக்கு டிசி போக வழியே இல்லனாலும் இதே வியாதிதான்.

ரெசிஸ்டர் வரைக்கும் எல்லாம் நேர்கோடு. டயோடு வந்ததும் கத மாறுது. டயோடுல வோல்டேஜ் ஒவ்வொரு 60 மில்லிவோல்ட் ஏறும்போதும் கரண்ட் பத்து மடங்கு ஆகும், நேரடியா தீர்க்க வழி கெடையாது. அதனால சாப்ட்வேர் என்ன பண்ணும்னா ஒரு நம்பர குத்துமதிப்பா வெச்சுக்கிட்டு, சரியா இருக்கான்னு பாத்து, திருத்தி, திரும்பப் பாக்கும். நியூட்டன் ராப்சன் முறை, மேத்ஸ் பேப்பர்ல ரெண்டு மார்க்குக்கு படிச்சிருப்பீங்களே அதேதான். 5 வோல்ட், 1 கிலோ ஓம், ஒரு டயோடு. 0.7 வோல்ட்ல ஆரம்பிக்கலாம். ஸ்பைஸ்ங்கிற சிமுலேட்டர்ல நீங்க எதுவும் மாத்தாம இருக்கிற டிபால்ட் டயோடுக்கு 0.7 வோல்ட்ல 5.67 மில்லிஆம்பியர் போகணும், ஆனா ரெசிஸ்டர் பக்கம் 4.3 தான் வருது, ஒத்துப் போகல. அந்த எடத்துல வளைவுக்கு ஒரு தொடுகோடு போட்டு அடுத்த நம்பர் எடுத்தா 0.6938. இப்ப 4.46க்கு 4.31. இன்னொரு சுத்து, 0.6929, ரெண்டு பக்கமும் 4.31. முடிஞ்சுது. கடலூர் துறைமுகத்துல வஞ்சிரத்துக்கு பேரம் பேசுற மாதிரி தான், அவங்க ஒண்ணு சொல்ல நாம ஒண்ணு சொல்ல ஒரு எடத்துல வந்து நிக்கும்.

நிக்காமலும் போகும். அதே டயோடுக்கு முதல் குத்துமதிப்பா 1 வோல்ட்னு வெச்சுப் பாருங்க, கரண்ட் 600 ஆம்பியருக்கு மேல எகிறும், பாத்தா பயமா இருக்கும். இப்படி தாறுமாறா போகாம இருக்க சாப்ட்வேர் உள்ளயே ஒவ்வொரு அடிக்கும் ஒரு கட்டுப்பாடு வெச்சிருக்காங்க, அப்படியும் சில சர்க்யூட் ஒரு விடையில வந்து நிக்காது, அப்ப தான் 'கன்வர்ஜென்ஸ்' எர்ரர் வரும். உடனே சாப்ட்வேர திட்டாதீங்க, முக்காவாசி நேரம் வயரிங் தப்பா தான் இருக்கும். இன்னொண்ணு, டிபால்ட் டெம்பரேச்சர் 27 டிகிரி. நம்ம ஊர் மே மாசத்துக்கு 38ன்னு மாத்தி ஓட்டிப் பாருங்க, டிகிரிக்கு சுமார் 2 மில்லிவோல்ட் வீதம் டயோடு வோல்டேஜ் எறங்கியிருக்கும்.

ஸ்பைஸ்னு சொன்னேன்ல, அது பொறந்தது அமெரிக்காவுல பெர்க்லி யுனிவர்சிட்டில. ரான் ரோரர்னு ஒரு புரொபசர் கிளாஸ் புராஜெக்டா ஆரம்பிச்சு வெச்சது, அப்ப அதுக்குப் பேரு கேன்சர் (ஆமா, நெஜமாவே அதுதான் பேரு). ஸ்டூடன்டா இருந்த லாரன்ஸ் நாகல், டொனால்ட் பீடர்சன்கிற புரொபசர்கிட்ட சேர்ந்து அத திருத்தி எழுத, 1973ல ஸ்பைஸ்னு வெளிய வந்துச்சு. யார் வேணா எடுத்துக்கலாம்னு விட்டதால உலகம் பூரா பரவுச்சு. பஞ்ச் கார்டு காலத்து புரோகிராம், அந்தப் பழக்கம் இன்னும் ஒட்டிக்கிட்டு இருக்கு. நெட்லிஸ்ட் (சர்க்யூட்ட வரி வரியா எழுதுற லிஸ்ட்) டைப் பண்ணும்போது முதல் வரிய தலைப்புன்னு எடுத்துக்கிட்டு விட்டுடும், அந்த வரில ரெசிஸ்டர் எழுதியிருந்தா அந்த ரெசிஸ்டர் சர்க்யூட்லயே இருக்காது. பெரிய எழுத்து சின்ன எழுத்து வித்தியாசமும் பாக்காது. 1 மெகா ஓம்னு நெனச்சு 1 பக்கத்துல வெறும் 'எம்' போட்டா அது மில்லி, அதாவது ஓமுல ஆயிரத்துல ஒரு பங்கு. மெகா வேணும்னா 'மெக்'னு மூணு எழுத்தும் அடிக்கணும். வருஷா வருஷம் யாராவது ஒருத்தர் இதுல மாட்டிக்கிட்டு தான் இருக்காங்க.

எது போடலாம்னா, கரண்ட் ஓடுறத கண்ணால பாக்க ஃபால்ஸ்டாட், பிரவுசர்லயே ஓடும், இன்ஸ்டால் வேணாம். ஆர்டுயினோ (புரோகிராம் போட்டு ஓட்டுற சின்ன போர்டு) கத்துக்க டிங்கர்கேட். கொஞ்சம் சீரியஸா பண்ணணும்னா எல்டிஸ்பைஸ், ப்ரீ தான். லினக்ஸ் வெச்சிருக்கவங்களுக்கு ஐஐடி பாம்பே ஆளுங்க தர்ற ஈசிம், அதுக்கு உள்ள ஓடுறது என்ஜிஸ்பைஸ். என்னைக் கேட்டா முதல் ஒரு மாசம் ஃபால்ஸ்டாட், அப்புறம் நேரா எல்டிஸ்பைஸ். கிராக் பண்ண சாப்ட்வேர் பின்னாடி ஓட வேண்டிய தேவையே இல்ல.

பவர் சப்ளை சர்க்யூட் எல்லாரும் பண்ணுவீங்க, அதுல ஒரு பொறி இருக்கு. 12 வோல்ட் டிரான்ஸ்பார்மர், நாலு டயோடு பிரிட்ஜ், 1000 மைக்ரோபேரட் கெபாசிட்டர், 100 மில்லிஆம்பியர் லோடு. எல்டிஸ்பைஸ்ல சைன் சோர்ஸ்க்கு 12ன்னு போட்டீங்கன்னா அது உச்சி வோல்டேஜ். டிரான்ஸ்பார்மர் மேல எழுதியிருக்கிற 12, ஆர்எம்எஸ் (ஏறி எறங்குற வோல்டேஜுக்கு ஒரு வகை சராசரி), அதோட உச்சி சுமார் 17. 17ன்னு போட்டா டயோடு ரெண்டு சாப்பிட்டது போக 15 சொச்சம் வரும். கெபாசிட்டர் ஒவ்வொரு 10 மில்லிசெகண்டுக்கும் ஒரு தடவ நெரம்பும், நடுவுல எறங்கும், எவ்ளோ எறங்கும்னா கிட்டத்தட்ட 1 வோல்ட். இத ரன் அமுக்கறதுக்கு முன்னாடியே பேப்பர்ல எழுதி வெச்சுக்கோங்க, எழுதாம ஓட்டினா திரையில வர்ற எந்த நம்பரும் சரி மாதிரி தான் தெரியும். அலை வழவழன்னு இல்லாம மூல மூலயா வந்தா டைம் ஸ்டெப் (ஒரு கணக்குக்கும் அடுத்த கணக்குக்கும் நடுவுல உள்ள நேரம்) பெருசா இருக்குன்னு அர்த்தம், மேக்சிமம் டைம்ஸ்டெப்னு ஒரு கட்டம் இருக்கும், அதுல 0.1 மில்லிசெகண்ட் போட்டா சரியாயிடும்.

பாகம் எரியுறதும் அதுக்குத் தெரியாது. ரெசிஸ்டர் இல்லாம எல்ஈடிய நேரா சப்ளைல மாட்டினா ஸ்பைஸ் பாட்டுக்கு ஆம்பியர் கணக்குல காட்டிட்டு சும்மா இருக்கும் (டிங்கர்கேட் மட்டும் வெடிக்கிற மாதிரி ஒரு படம் காட்டும்). அதே மாதிரி ப்ரெட்போர்டு (ஓட்டையில சொருகி சர்க்யூட் கட்டுற போர்டு). கடல்காத்து அடிக்கிற ஊர்ல ரெண்டு மழைக்காலம் பாத்த ப்ரெட்போர்டுல உள்ள இருக்கிற கிளிப்பெல்லாம் துரு புடிச்சு சில ஓட்டையில பிடிமானமே இருக்காது. திரையில வயருக்கு ஜீரோ ஓம், கையில இருக்கிறதுல எத்தன ஓம்னு மல்டிமீட்டர் தான் சொல்லணும்.

நேர் தலைகீழ் கேஸுக்கு, அதாவது போர்டுல ஓடி சாப்ட்வேர்ல ஓடாததுக்கு, நல்ல உதாரணம் ரெண்டு டிரான்சிஸ்டர் வெச்சு எல்ஈடி மாத்தி மாத்தி மின்னுற அஸ்டேபிள் சர்க்யூட். பிசி547 ரெண்டு, 47 கிலோ ஓம் ரெண்டு, 10 மைக்ரோபேரட் கெபாசிட்டர் ரெண்டு, செகண்டுக்கு ஒண்ணரை தடவ மின்னணும். எல்டிஸ்பைஸ்ல வரைஞ்சு ஓட்டினா ரெண்டு எல்ஈடியும் எரிஞ்சபடியே நிக்கும். ஏன்னா சாப்ட்வேர் முதல்ல எல்லாம் அடங்குன நிலைய தான் கண்டுபிடிக்கும், அதுல கெபாசிட்டர் துண்டிச்ச வயர் மாதிரி, ரெண்டு டிரான்சிஸ்டரும் முழுசா ஆன், அங்கயே உக்காந்துடும். கையில சுவிட்ச் போடும்போது ரெண்டும் அச்சு அசலா ஒண்ணா இருக்காது, ஏதோ ஒண்ணு முந்தும், ஆட்டம் ஆரம்பிச்சுடும். சாப்ட்வேர்ல அந்த முந்துறத நாம தான் குடுக்கணும், ஒரு டிரான்சிஸ்டரோட பேஸ்ங்கிற கால்ல ஆரம்ப வோல்டேஜ் 0ன்னு 'டாட் ஐசி' கமாண்ட்ல ஒரு வரி எழுதி ஓட்டுங்க, மின்ன ஆரம்பிக்கும்.