பிளாக்: முட்டுக்கட்டையா, முடக்கமா?

2020 ஜூலையில் ஊரடங்கு தளர்ந்து கடைகள் திறந்த நேரம். சென்னை வண்ணாரப்பேட்டையில் ஒரு செல்போன் கடைக்கு, கானா பாடி டிக்டாக்கில் போடுகிற தம்பி ஒருவன் வந்தான். "அண்ணா, ஆப் இருக்கு, உள்ள ஒண்ணும் ஓடலண்ணா." கடைக்காரர் வாங்கிப் பார்த்தார். "போன்ல கோளாறு இல்லபா, கவர்மென்ட்டே பிளாக் பண்ட்டாங்க." ஜூன் 29 அன்று டிக்டாக் உட்பட 59 செயலிகளுக்கு மத்திய அரசு தடை போட்டிருந்தது.

இந்த 'பிளாக்' என்பதைத் தமிழில் எப்படிச் சொல்வது? பழைய டச்சு மொழியில் 'பிளோக்' என்றால் மரக்கட்டை. பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்குப் போய், மறிப்பது என்ற பொருளும் சேர்ந்தது. நம்மிடமும் அதே கட்டை உண்டு: முட்டுக்கட்டை. எண்ணூர் விரைவுச் சாலையில் துறைமுகத்துக்குக் காத்து நிற்கும் கன்டெய்னர் லாரிகளைப் பாருங்கள். கிளீனர் குதித்து இறங்கி, எண்ணெய்க் கறை படிந்த கட்டை ஒன்றைப் பின் டயருக்கு அடியில் செருகுவார். வண்டியும் இருக்கும், சரக்கும் இருக்கும், நகராது.

இணையத்திலும் இதுதான். தளங்களை மறிக்க மத்திய அரசுக்கு அதிகாரம் தரும், தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 69ஏ பிரிவில் உத்தரவு போட்டால் தளம் அழிவதில்லை. வெளிநாட்டுக் கணினியில் ஓடிக்கொண்டேதான் இருக்கும். இங்கே இணைப்பு தரும் நிறுவனம் அதன் முகவரியை நமக்குக் காட்டாது. வேறொரு கணினி வழியாக இணையத்துக்குள் போகவைக்கும் விபிஎன் தெரிந்தவர்கள் சுற்றுவழியில் போய்விடுவார்கள்.

இதைத் 'தணிக்கை' என்று எழுதுவது எனக்கு உடன்பாடில்லை. தணிக்கை என்பது வெளிவரும் முன்பே பார்த்து வெட்டுவது, சினிமாவுக்குச் சரி. (தணிப்பதிலிருந்து வந்தது போல் தோன்றினாலும் அது உருது வழியாக வந்த அரபுச் சொல்.) தளங்களை மறிப்பது வெளிவந்த பிறகு. அதற்கு 'முடக்கம்' என்பதே பொருத்தம். முடம், முடங்கு, முடக்கு எல்லாம் ஒரே வேர்: பொருள் இருக்கிறது, அசைவு இல்லை. வங்கிக் கணக்கு முடக்கம் என்று ஏற்கெனவே சொல்கிறோமே.

2018 மே மாதம் துப்பாக்கிச் சூட்டுக்குப் பின் தூத்துக்குடி, நெல்லை, குமரி மாவட்டங்களில் இணையத்தையே நிறுத்தினார்கள். அது 'துண்டிப்பு'. லாரிக்குக் கட்டை வைப்பது வேறு, சாலையையே மூடுவது வேறு.

முடக்கும் காரணத்தை எழுத்தில் பதிய வேண்டும், அதை எதிர்த்து நீதிமன்றம் போகலாம் என்று 2015இல் உச்ச நீதிமன்றம் சொன்னது. ஆனால் அந்த 69ஏ பிரிவுக்காகப் போட்ட 2009 விதிகளில் 16ஆவது விதி, புகாரையும் நடவடிக்கையையும் ரகசியமாக வைக்கச் சொல்கிறது. வண்ணாரப்பேட்டையிலிருந்து உயர் நீதிமன்றம் பக்கம்தான். உத்தரவே கையில் கிடைக்காதவர் எதை எடுத்துக்கொண்டு அங்கே போவார்?