டாப் காட்டும் 'ரெஸ்' எண்ணைக் கூட்டாதீர்கள்

'32 ஜிபி சர்வரில் போஸ்ட்கிரெஸ் 200 ஜிபி தின்கிறது, ராம் கூட்ட வேண்டும்.' இப்படி இன்னுமொரு டிக்கெட். போஸ்ட்கிரெஸ் டேட்டாபேஸின் ஒவ்வொரு பிராசஸுக்கும் லினக்ஸின் டாப் கட்டளை காட்டும் ரெஸ்ஸை (ராமில் அது பிடித்திருக்கும் இடம்) கூட்டி வந்த கணக்கு. இல்லாத மெமரியை எப்படித் தின்னும் என்று எழுதியவருக்கே தோன்றவில்லையா?

50 கனெக்‌ஷனுக்கு 50 பிராசஸ். எல்லாம் தொடுவது ஒரே ஷேர்டு பஃபரைத்தான் (எல்லோருக்கும் பொதுவான மெமரி). ஒவ்வொன்றும் அதில் 4 ஜிபியைத் தொட்டிருந்தால், ஒவ்வொன்றின் ரெஸ்ஸிலும் அந்த 4 ஜிபி முழுதாக ஏறும். கூட்டினால் 200. ராமில் இருப்பது ஒரே ஒரு 4 ஜிபி. ஒரே ரேஷன் கார்டை வீட்டில் ஆளுக்கொரு முறை எண்ணுவது போலத்தான் இது. மெமரியைப் பெரிய துண்டுகளாகத் தரும் ஹியூஜ் பேஜ் போட்டிருந்தால் நேரெதிர்: அந்தப் பஃபர் ரெஸ்ஸில் வரவே வராது.

கூட்ட வேண்டிய எண் பிஎஸ்எஸ். 4 கேபி பக்கத்தை (மெமரியைக் கர்னல் பிரித்து வைக்கும் துண்டு) நான்கு பிராசஸ் பகிர்ந்தால் ஆளுக்கு 1 கேபி என்று கர்னலே பிரித்துத் தரும். கர்னல் தகவல் தரும் ப்ராக் டைரக்டரியில் அந்தந்த பிராசஸின் ஸ்மேப்ஸ்-ரோலப் ஃபைலில் இருக்கிறது, கர்னல் 4.14 முதல். பழைய ஸ்மேப்ஸ் ஃபைலைப் பத்து வினாடிக்கு ஒரு முறை படிக்காதீர்கள். பெரிய ஜாவா பிராசஸின் பேஜ் டேபிள் (எந்தப் பக்கம் எங்கே என்ற பட்டியல்) முழுவதையும் நடந்துதான் அது பதில் சொல்லும். ஐந்து நிமிடத்துக்கு ஒரு முறை ரோலப் போதும்.

ராமிலிருந்து பக்கங்களை டிஸ்க்குக்குத் தள்ளிவைக்கும் ஸ்வாப்பில் 1 ஜிபி இருந்தாலே அலாரமா? விஎம்ஸ்டாட் கட்டளையை 1 வினாடி இடைவெளியில் ஓட்டி எஸ்ஐ (ஸ்வாப்பிலிருந்து வருவது), எஸ்ஓ (ஸ்வாப்புக்குப் போவது) பத்திகளைப் பாருங்கள். முதல் வரியை விடுங்கள், அது பூட் ஆனதிலிருந்து சராசரி. இரண்டும் பூஜ்யத்திலேயே நின்றால் தூங்கும் பக்கங்கள் ஸ்வாப்பில் கிடக்கின்றன, கிடக்கட்டும். எல்லா பிராசஸின் விஎம்-ஸ்வாப் எண்ணையும் (ஸ்வாப்பில் அதற்குள்ள அளவு) கூட்டினால் மொத்தத்தோடு பொருந்தாது. ஷேர்டு மெமரி, டெம்ப்-எஃப்எஸ் (மெமரியிலேயே இருக்கும் ஃபைல் சிஸ்டம்) பக்கங்கள் அதில் சேர்வதில்லை.

எந்தப் பக்கம் எங்கே என்றே பார்க்க வேண்டுமா? ப்ராக்கில் உள்ள பேஜ்மேப் ஃபைலில் பக்கத்துக்கு 8 பைட். முகவரியைப் பக்க அளவால் (பெரும்பாலும் 4096) வகுத்து 8-ஆல் பெருக்கிய இடத்தில் படியுங்கள். 63-ஆம் பிட் 1 என்றால் பக்கம் ராமில், 62-ஆம் பிட் 1 என்றால் ஸ்வாப்பில். ஃபிரேம் எண் (ராமில் பக்கம் இருக்கும் இடம்) பூஜ்யமாக வருவது பக் இல்லை. 2015 ரோஹாமர் தாக்குதலுக்குப் (ராமின் ஒரு வரிசையைத் திரும்பத் திரும்பத் தொட்டுப் பக்கத்து வரிசையின் பிட்டைப் புரட்டுவது) பிறகு, சிஸ்-அட்மின் உரிமை இல்லாதவர்களிடமிருந்து கர்னல் வேண்டுமென்றே மறைக்கிறது.

அதை 'சரிசெய்ய' மானிட்டரிங் ஏஜெண்டுக்கு சிஸ்-அட்மின் கொடுத்திருந்தால், தயவுசெய்து இன்றே எடுத்துவிடுங்கள். கிட்டத்தட்ட ரூட்டையே கொடுத்த மாதிரி அது. மற்ற யூசர்களின் ரோலப்பைப் படிக்க சிஸ்-பிட்ரேஸ் போதும். ஆனால் அதுவும் அடுத்தவர் மெமரியையே படிக்கவிடும் உரிமை. நெட்வொர்க்கில் பேசும் ஏஜெண்டுக்கு இரண்டுமே வேண்டாம். குறித்த நேரத்தில் வேலையை ஓட்டும் ரூட் க்ரானில் ஓடும் சின்ன ஸ்கிரிப்ட் எண்களை ஒரு ஃபைலில் எழுதட்டும், ஏஜெண்ட் அதைப் படித்துக்கொள்ளட்டும்.