சொல் விளக்கம்: இரண்டாம்நிலை வளர்சிதைமாற்றப் பொருள்

பச்சை முந்திரிக்கொட்டையைப் பல்லால் கடித்து உடைக்கப் பார்த்தவர்களுக்கு இந்தச் சொல்லின் பொருளை நான் சொல்ல வேண்டியதில்லை. பண்ருட்டி பக்கத்துத் தோப்பு ஒன்றில் ஒன்பது வயதில் அதைச் செய்தேன். உதடு வீங்கியது, மறுநாள் தோல் கறுத்தது, நாலாம் நாள் உரிந்தது. கொட்டை உடைக்கிற பெண்களே சாம்பலோ எண்ணெயோ கையில் பூசாமல் அதைத் தொடமாட்டார்கள், இவன் வாயில் வைத்தானாம் என்று பாட்டி ஊரெல்லாம் சொன்னார். காடாம்புலியூர்ப் பக்கம் போனால், அந்த வேலை செய்பவர்களின் விரல்நுனி கறுத்திருப்பதைப் பார்க்கலாம். கொட்டையின் தோட்டுக்குள் தேன்கூடு போன்ற அறைகள் இருக்கின்றன. அவற்றில் ஊறியிருக்கும் எண்ணெயில் பெரும்பங்கு அனகார்டிக் அமிலம். உறவுமுறையில் பார்த்தால் சேங்கொட்டையும் மாமரமும் முந்திரிக்குப் பங்காளிகள். மாங்காய்ப் பால் பட்டு வாய் வெந்தவர்களுக்கு அந்தக் குடும்பத்துக் குணம் தெரியும்.

இந்த எண்ணெய் போன்றவற்றுக்குப் பாடநூல் வைத்திருக்கும் பெயர் 'இரண்டாம்நிலை வளர்சிதைமாற்றப் பொருள்'. (பன்மையில் 'பொருட்கள்' என்று எழுதுகிறார்கள். 'பொருள்கள்' என்பதே சரி.) செகண்டரி மெட்டபொலைட் என்பதன் தமிழாக்கம் இது.

'மெட்டபொலே' என்றால் கிரேக்கத்தில் மாற்றம், அவ்வளவுதான். 1839இல் ஜெர்மன் உடலியலார் தியோடர் ஷ்வான் அதிலிருந்து ஒரு ஜெர்மன் பெயரடையை உருவாக்கி, உயிரணுவில் நடக்கும் வேதிமாற்றங்களைக் குறித்தார். தமிழில் ஆக்கியவர்கள் ஒரு படி மேலே போனார்கள். கட்டுவதும் நடக்கிறது, உடைப்பதும் நடக்கிறது என்பதை 'வளர்', 'சிதை' என்ற இரண்டு வினைகளால் ஒரே சொல்லுக்குள் வைத்துவிட்டார்கள். மூலத்தைவிட ஆக்கம் தெளிவாக அமைந்த சொற்களில் இது ஒன்று.

கோளாறு 'இரண்டாம்நிலை'யில் இருக்கிறது. அதைத் தமிழ் செய்யவில்லை. 1891இல் ஜெர்மன் உயிர்வேதியியலார் ஆல்பிரெக்ட் கோசெல், உயிரணுவில் உள்ள பொருள்களை இரண்டாகப் பிரித்தார்: வளரும் உயிரணு எதிலும் இருப்பவை முதல்நிலை, சிலவற்றில் மட்டும் காணப்படுபவை, உயிர் வாழ்வதற்கு இன்றியமையாதவை அல்லாதவை இரண்டாம்நிலை. ஆய்வுக்கூடத்தில் உட்கார்ந்து செடியின் உள்ளே மட்டும் பார்த்தால் அப்படித்தான் தோன்றும். வேடிக்கை என்னவென்றால், அதற்கு மூன்று ஆண்டுகளுக்கு முன்பே, 1888இல், தாவரவியலார் எர்ன்ஸ்ட் ஸ்டால் நத்தைகளை வைத்துப் பார்த்திருந்தார். தொடாமல் ஒதுக்கிய இலைகளை, ஆல்கஹாலில் ஊறவைத்துச் சாரத்தை இறக்கிக் கொடுத்தபோது நத்தைகள் தின்றன. இன்றியமையாதது அல்ல என்று ஒதுக்கப்பட்டது செடிக்குக் காவல் காத்துக்கொண்டிருந்தது. இதைப் பூச்சியியலார் காட்ஃபிரைட் ஃபிரேங்கல் அழுத்திச் சொல்ல 1959 ஆயிற்று. எல்லா இலையிலும் சத்து ஏறக்குறைய ஒன்றுதான், எந்தப் பூச்சி எந்தச் செடிக்குப் போகும் என்பதை இந்த 'இரண்டாம்நிலை'ச் சரக்குதான் முடிவு செய்கிறது என்றார் அவர். சாலையோர எருக்கைப் பாருங்கள். ஆடு முகர்ந்துவிட்டு நகர்கிறது. வெந்தய வரியன் என்ற பட்டாம்பூச்சியின் புழு அதிலேயே பிறந்து அதையே தின்று வளர்கிறது.

அப்படியானால் 'காப்புப் பொருள்' என்று சொல்லிவிடலாமா? முந்திரியே இதற்கு மறுப்பு. பழம் என்று நாம் தின்பது பருத்த காம்பு. உண்மையான கனி, வெளியே தொங்கும் கொட்டைதான். (முந்திக்கொண்டு பேசுகிறவரை 'முந்திரிக்கொட்டை' என்பது சும்மா இல்லை.) பழுத்த காம்பின் மணம் வௌவாலை அழைக்கிறது. அது கவ்விக்கொண்டு போய், வேறு மரத்தில் தொங்கியபடி சதையைத் தின்றுவிட்டுக் கொட்டையைக் கீழே போடுகிறது. அழைத்த மணமும் இரண்டாம்நிலை, விரட்டும் எண்ணெயும் இரண்டாம்நிலை. இரண்டுக்கும் நடுவே ஒரு விரற்கடை தூரம்.

எனக்குத் தோன்றுவது 'புறச்சேர்மம்'. வளர்வதும் மூச்சு விடுவதும் செடியின் அகம். பகைவரோடு பொருவதும் வந்தவர்க்குக் கொடுப்பதும் புறம். புறத்திணையில் போரும் உண்டு, கொடையும் உண்டு. 'செடிக்கு வெளியே இருக்கும் சேர்மம்' என்று பிழையாகப் படிக்க இடமிருக்கிறது என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஆனாலும் 'இரண்டாம்நிலை' என்று படித்துவிட்டு அலட்சியமாக இருப்பதைவிட அது பரவாயில்லை.

அலட்சியம் எங்கே கொண்டுபோய் விடும் என்பதற்குப் பிச்சாவரம் போகலாம். அங்கே உப்பங்கழியில் நிற்கும் தில்லை மரம்தான் சிதம்பரத்துக்குத் தில்லை என்ற பெயரைத் தந்தது. கிளை ஒடிந்தால் வெள்ளையாகப் பால் வடியும். கண்ணில் பட்டால் பார்வையே போகலாம். அதன் லத்தீன் பேரினப் பெயர் எக்ஸ்கோகேரியா, 'குருடாக்குவது' என்ற பொருளில் வந்தது. பெயர் வைத்தவர்கள் அதை இரண்டாம்நிலையாக நினைக்கவில்லை.

மாணவர்களுக்கு ஒன்று: தேர்வில் 'புறச்சேர்மம்' என்று எழுதிவிடாதீர்கள். விடைக்குறிப்பில் பழைய பெயர்தான் இருக்கும்.