ரொமான்ஸ் நாவல்: காதல் புதினமா, அகப்புதினமா?

‘ரொமான்ஸ் நாவல்’ என்றதும் தமிழில் இரண்டு பொருள்கள் முந்திக்கொண்டு வருகின்றன. காதல் வருகிற எந்தக் கதையும் ரொமான்ஸ் என்பது ஒன்று. நாயகனும் நாயகியும் நெருங்கியிருக்கும் காட்சிகள்தான் ரொமான்ஸ் என்பது மற்றொன்று. ‘இந்தக் கதையில ரொமான்ஸ் கம்மி’ என்று ஒருவர் குறைப்பட்டுக்கொண்டால் பெரும்பாலும் அவர் சொல்வது இரண்டாவதை. ஆங்கிலப் பதிப்புத் துறையில் அந்தச் சொல்லுக்கு உள்ள பொருள் இரண்டுமல்ல. அங்கே அது எழுதுபவருக்கும் வாசகருக்கும் இடையிலான ஓர் ஒப்பந்தத்தின் பெயர்.

அந்த ஒப்பந்தத்தில் இரண்டே நிபந்தனைகள். 1980இல் தொடங்கப்பட்ட அமெரிக்க ரொமான்ஸ் எழுத்தாளர் சங்கம் வகுத்த வரையறையும் இதுதான்: கதையின் மையத்தில் காதல் இருக்க வேண்டும், முடிவு மனநிறைவும் நம்பிக்கையும் தர வேண்டும். காதலர்களில் ஒருவர் கடைசி அத்தியாயத்தில் இறந்துபோனால் அது உருக்கமான காதல் கதையாக இருக்கலாம், ரொமான்ஸ் நாவல் ஆகாது. அட்டையில் ரொமான்ஸ் என்று போட்டு உள்ளே சோகத்தை வைத்து விற்றால் வாசகர்கள் கொதிப்பதன் காரணமும் இதுவே. சோகம் பிடிக்காததால் வரும் கோபம் அல்ல அது. கொடுத்த வாக்கை மீறியதால் வருவது.

முதல் நிபந்தனையைச் சோதிக்க எளிய வழி ஒன்று உண்டு. கதையிலிருந்து காதலை உருவிவிட்டுப் பாருங்கள். கொலையைத் துப்பறியும் வேலையோ, போரோ, குடும்பச் சொத்து வழக்கோ தன் காலில் நின்றால் அது காதல் கலந்த வேறு வகை நாவல். காதலை எடுத்ததும் மொத்தமும் சரிந்தால்தான் ரொமான்ஸ்.

சொல் வந்த வழி

இச்சொல்லின் வேரில் காதல் இல்லை. ரோம் நகரம்தான் இருக்கிறது. பேச்சுவழக்கு லத்தீனில் ‘ரோமானிகே’ என்றால் ‘ரோமானியர் முறையில்’ என்று பொருள். கற்றவர்களின் எழுத்து மொழி லத்தீன். அதிலிருந்து பிரிந்து ஊர்மக்கள் பேசியது ‘ரோமானியர் முறை’ப் பேச்சு. பழைய பிரெஞ்சில் இது ‘ரொமான்ஸ்’ என்று திரிந்து முதலில் மக்கள் மொழியையும், பிறகு அம்மொழியில் எழுதிய நூலையும் குறித்தது. லத்தீன் நூலொன்றை மக்கள் மொழிக்குக் கொண்டுவருவதை ‘ரொமான்ஸில் போடுதல்’ என்றார்கள். பிரெஞ்சு, ஸ்பானியம், இத்தாலியம் முதலியவற்றை ‘ரொமான்ஸ் மொழிகள்’ (ரோமானிய மொழிகள்) என்று அழைப்பது இந்த முதற்பொருளின் எச்சம்.

அப்படி மக்கள் மொழியில் எழுதப்பட்டவற்றில் பெரும்பகுதி வீரசாகசக் கதைகள். வாஸ் என்ற கவிஞர் லத்தீன் வரலாற்று நூலொன்றைத் தழுவி 1155இல் முடித்த ‘ப்ரூட்’டில் ஆர்தர் மன்னன் வந்தான். 1170 வாக்கில் பிரெஞ்சுக் கவிஞர் கிரெத்தியான் தெ த்ருவா எழுதத் தொடங்கியதும் வாளோடு காதலும் சரிசமமாக உட்கார்ந்தது. ஆர்தரின் வீரன் லான்ஸலட்டின் கதைக்குப் பொருளும் கருத்தும் தந்தவர் ஷாம்பேன் சீமாட்டி மரீ என்று கிரெத்தியானே முன்னுரையில் எழுதிவைத்திருக்கிறார். ‘பெண்கள் கேட்கிறார்கள், எழுத்தாளர்கள் எழுதுகிறார்கள்’ என்று இந்த வகையை இளக்காரமாகப் பேசுபவர்கள், அந்த வழக்கம் 12ஆம் நூற்றாண்டிலேயே இருந்ததைக் கவனிக்கலாம்.

ஆகவே ரொமான்ஸ் என்ற சொல் நூலின் மொழியிலிருந்து நூலுக்கும், நூலிலிருந்து அதில் வரும் வியப்புக் கதைக்கும் நகர்ந்தது. 1785இல் ஆங்கில எழுத்தாளர் கிளாரா ரீவ் நாவலையும் ரொமான்ஸையும் பிரித்துக் காட்டினார்: நாவல் என்பது எழுதப்படும் காலத்து நிஜ வாழ்க்கையின் படம்; ரொமான்ஸ் என்பது நடக்காததையும் நடக்க வாய்ப்பில்லாததையும் உயர்ந்த நடையில் சொல்வது. 1851இல் அமெரிக்க எழுத்தாளர் நதானியேல் ஹாதார்ன் தன் நாவல் ஒன்றின் முன்னுரையில் அதை ரொமான்ஸ் என்று அழைத்துக்கொண்டதும் இந்தப் பொருளில்தான். காதலைச் சொல்லவில்லை, கற்பனைக்கு எடுத்துக்கொண்ட சலுகையைச் சொன்னார்.

இந்த இடத்தில் வேடிக்கையான ஒரு கடிதம் உண்டு. இன்று ரொமான்ஸ் நாவலின் தாய் என்று கொண்டாடப்படும் ஜேன் ஆஸ்டினிடம், இளவரசரின் நூலகர் ஜேம்ஸ் ஸ்டானியர் கிளார்க் ஓர் அரசகுலத்தைப் பற்றி வரலாற்று ரொமான்ஸ் எழுதச் சொல்லிப் பரிந்துரைத்தார். 1816 ஏப்ரல் 1 அன்று ஆஸ்டின் எழுதிய பதிலின் சாரம்: உயிரைக் காத்துக்கொள்வதற்காக அன்றி வேறு எதற்காகவும் உட்கார்ந்து ரொமான்ஸ் எழுத என்னால் ஆகாது. காதலித்து மணப்பதையே ஆறு நாவல்களிலும் எழுதியவர் ‘ரொமான்ஸ் எனக்கு வராது’ என்கிறார். பொய்யில்லை. அன்றைக்கு அச்சொல்லின் பொருள் வேறு.

சொல் காதலுக்குள் முழுதாகச் சுருங்கியது 20ஆம் நூற்றாண்டில், அதுவும் வணிகத்தின் கையால். மில்ஸ் அண்ட் பூன் பதிப்பகம் 1908இல் லண்டனில் தொடங்கியபோது எல்லா வகை நூல்களையும் போட்டது. 1930களில், காசுக்குப் புத்தகம் இரவல் தரும் நூலகங்களில் காதல் கதைகளுக்கு இருந்த கிராக்கியைப் பார்த்து அதிலேயே நின்றுவிட்டது. கனடாவின் வின்னிபெக்கில் 1949இல் தொடங்கிய ஹார்லெக்வின் பதிப்பகம் 1957 முதல் மில்ஸ் அண்ட் பூன் கதைகளை மறுபதிப்பு செய்து, 1971இல் அந்த நிறுவனத்தையே வாங்கியது. மாதாமாதம் ஒரே அளவில், ஒரே வகை அட்டையில் வரும் சிறு நூல்கள். எழுதியவர் பெயரைவிட வரிசையின் பெயரைப் பார்த்து வாங்கும் வாசகர்கள். இன்றைய பொருள் உறுதிப்பட்டது இங்கேதான்.

மற்ற மொழிகள் வேறு வழியில் போயின. பிரெஞ்சிலும் ஜெர்மனிலும் ‘ரொமான்’ என்றால் வெறும் நாவல். ஆகவே காதல் வகைக்கு அவர்கள் அடைமொழி தேட வேண்டியிருந்தது. இத்தாலியர் ‘இளஞ்சிவப்பு நாவல்’ என்றார்கள், ஸ்பானியரும் அப்படியே. பிரெஞ்சுக்காரர் ‘பன்னீர் நாவல்’ என்று கொஞ்சம் கிண்டலாகச் சொன்னார்கள். ஜெர்மானியர் ‘காதல் நாவல்’ என்று நேராகச் சொல்லிவிட்டார்கள்.

முடிவு தெரிந்த கதையை ஏன் படிக்கிறார்கள்?

முடிவு தெரிவதால்தான் படிக்கிறார்கள். சேருவார்களா என்ற கவலை இல்லாததால் கவனம் முழுவதும் எப்படிச் சேருகிறார்கள் என்பதில் போகிறது. ஒரு பார்வை எங்கே அரை நொடி நீண்டது, யார் முதலில் பன்மையிலிருந்து ஒருமைக்கு இறங்கினார், எந்த வாக்கியத்தில் குரல் மாறியது. ராகம் தெரிந்தவர் கச்சேரிக்குப் போவதில்லையா, அதுபோல. மறுவாசிப்பு இந்த வகையில் இவ்வளவு அதிகமாக இருப்பதும், சந்தேகம் வந்தால் கடைசிப் பக்கத்தை முதலில் புரட்டிப் பார்ப்பதும் இதனால்தான்.

1984இல் அமெரிக்க ஆய்வாளர் ஜானிஸ் ராட்வே வெளியிட்ட ஆய்வு இன்னொரு காரணத்தைக் காட்டியது. அமெரிக்க ஊர் ஒன்றில் இந்நாவல்களை விடாமல் படிக்கும் பெண்களிடம் பேசிய அவர், கதை எந்த அளவு முக்கியமோ அந்த அளவு படிக்கும் செயலும் முக்கியம் என்று கண்டார். நாள் முழுக்கப் பிறரைக் கவனிப்பவருக்கு, புத்தகத்தைத் திறந்துவைத்திருக்கும் ஒரு மணி நேரம் ‘இப்போது என்னைக் கூப்பிடாதீர்கள்’ என்ற அறிவிப்பு. கதையிலும் பெண்ணின் விருப்பம் என்ன என்பதே நடுக்கேள்வி. அவள் சொல்வதை ஒருவன் கடைசியில் காதுகொடுத்துக் கேட்கிறான்.

கதையின் உறுப்புகளை 2003இல் ஆய்வாளர் பமிலா ரெஜிஸ் எட்டாகப் பிரித்தார்: சமூகச் சூழல், சந்திப்பு, தடை, ஈர்ப்பு, காதலை வெளிப்படுத்துதல், எல்லாம் முடிந்துபோனது போன்ற கட்டம், உண்மை தெளிதல், மணவுறுதி. வரிசை மாறலாம், ஒன்று விடுபட்டால் வாசகர் உடனே உணர்வார். வழக்கமான 50,000 சொல் நாவலில் முதல் 5,000 சொற்களுக்குள் இருவரும் சந்தித்துவிடுவார்கள். 25,000 வாக்கில் பின்வாங்க முடியாத நெருக்கம் வரும். 37,000 முதல் 40,000க்குள் எல்லாம் உடையும். மிச்சத்தில் மீட்பு, கடைசியில் ஓராயிரம் சொல்லில் பின்கதை.

பெரும்பாலும் பழுதாவது தடை. ஒரே பதவிக்குப் போட்டியிடும் இரண்டு மொழிபெயர்ப்பாளர்களை எடுத்துக்கொள்வோம். அவன் வேறொரு பெண்ணைக் கட்டிப்பிடிப்பதை அவள் பார்த்துவிட்டுக் கோபித்துக்கொண்டு போகிறாள். அந்தப் பெண் அவன் தங்கை. இது தடையே அல்ல. ‘யார் அது?’ என்று ஒரு கேள்வி கேட்டிருந்தால் ஐந்து நிமிடத்தில் தீர்ந்திருக்கும், தங்கை என்பதையும் வாசகர் இரண்டாவது வரியிலேயே ஊகித்திருப்பார். இப்படி மாற்றிப் பாருங்கள்: சில ஆண்டுகளுக்கு முன் அவளுக்கு வேலை போகக் காரணமான, பெயர் போடாத மதிப்புரையை எழுதியவன் அவன்தான். அவனுக்குத் தெரியும், அவளுக்குத் தெரியாது. இங்கே பேசினால் சிக்கல் தீராது, முற்றும். பேசாமலும் இருக்க முடியாது. நாவல் முழுக்கத் தாங்கும் தடை இதுதான்.

முக்கால்வாசியில் வரும் பிரிவும் அடிக்கடி கெட்டுப்போகிறது. ‘இந்த இடத்தில் பிரிக்க வேண்டும்’ என்பதற்காகவே பிரித்தால் செயற்கை பல்லிளிக்கும். இதற்கு அளவு சொன்னவர் வள்ளுவர். புலவி உப்புப் போல, அதைச் சிறிது நீளவிட்டாலும் உப்பு மிகுந்தது போல என்கிறது 1302ஆம் குறள். அவர் பயன்படுத்தும் இன்னொரு சொல் ‘துனி’. புலவி இளைய பிணக்கு, துனி முதிர்ந்த பிணக்கு என்று பரிமேலழகர் பிரிப்பார். அந்த முக்கால்வாசிக் கட்டத்துக்குத் தமிழில் பெயர் வேண்டுமென்றால் ஊடலைவிடத் துனி பொருந்தும்.

தமிழில் என்ன சொல்வது?

முதலில் ‘நாவல்’. இத்தாலியத்தின் ‘நொவெல்லா’, புதிய செய்தி என்ற பொருளிலிருந்து வந்தது. ‘புதினம்’ அதற்கு அழகாகப் பொருந்துகிறது. ஈழத் தமிழில் புதினம் என்றால் இன்றும் செய்திதான். நாவல், புதினம் இரண்டில் எதை வைத்தாலும் குற்றமில்லை.

சிக்கல் முதற்பாதியில். சங்க மரபை நினைத்து ‘அகப்புதினம்’ என்று சிலர் முன்வைப்பதுண்டு. கேட்க இனிமையாக இருந்தாலும் மூன்று இடங்களில் இடிக்கிறது. அகத்திணையில் வருவோரின் பெயரைச் சுட்டக் கூடாது என்பது தொல்காப்பிய விதி. நாவலோ பெயரில்தான் தொடங்குகிறது. அகம் மணத்துக்கு முந்தைய களவோடு நிற்பதில்லை, மணத்துக்குப் பிந்தைய கற்பு வாழ்வையும் பேசுகிறது. ரொமான்ஸ் நாவல் பெரும்பாலும் மணவுறுதியோடு கதவைச் சாத்திவிடும். மேலும் இன்றைய வாசகர் ‘அகம்’ என்றால் மனம் என்று படித்து, உளவியல் நாவல் என்று நினைப்பார்.

‘காமம்’ பழந்தமிழில் காதலுக்குரிய மரியாதையான சொல். குறளின் மூன்றாம் பாலுக்கு அதுவே பெயர். பின்னாளில் அதன் பொருள் உடல் வேட்கையாகக் குறுகியதால் அந்தப் பாலையே இன்பத்துப்பால் என்று மாற்றி அச்சிட்டவர்கள் உண்டு. ஆக, ‘காமப் புதினம்’ என்றால் வேறு அலமாரிக்குப் போய்விடும். ‘களவுப் புதினம்’ திருட்டுக் கதையாகிவிடும். ‘இன்பியல்’ என்பது துன்பியலுக்கு எதிராக நகைச்சுவை நாடகத்துக்கு ஏற்கெனவே கொடுத்தாயிற்று. சந்தையில் புழங்கும் ‘குடும்ப நாவல்’ மாமியார், சொத்து, பிள்ளைகள் எல்லாவற்றையும் சேர்த்துக்கொள்ளும் பெரிய கூடை.

மிஞ்சுவது ‘காதல் புதினம்’, அல்லது ‘காதல் நாவல்’. காதல் என்ற சொல்லும் சுருங்கி வந்ததுதான். பழைய நூல்களில் ‘காதலன்’ என்றால் மகனும் ஆவான். ரொமான்ஸும் காதலும் வேறுவேறு ஊரில் புறப்பட்டு ஒரே இடத்தில் வந்து நிற்பதால் இந்த இணை பொருந்துகிறது. இதில் ஒரே குறை, இரண்டாம் நிபந்தனையான நல்ல முடிவு இந்தப் பெயரில் தெரியாது. தேவைப்படும் இடத்தில் ‘சுபமுடிவுக் காதல் புதினம்’ என்று ஒருமுறை சொல்லிவிட்டு மேலே போகலாம். சந்தி பார்த்து எழுதுவோர் ‘காதற்புதினம்’ என்பர். அட்டையில் பிரித்து எழுதுவதே கண்ணுக்கு எளிது.

உள்வகைகளுக்குத் தமிழ் தயாராகவே இருக்கிறது. மோதலில் தொடங்கும் காதல், ஒப்பந்தக் கல்யாணம், பொய்க்காதல் மெய்யாவது, பிரிந்தவர் கூடுவது என்றெல்லாம் வாசகர்கள் ஏற்கெனவே பேசிக்கொள்கிறார்கள். கல்யாணம் வரை போகாமல் இருவரும் சேர்ந்திருப்பதோடு நிற்கும் கதைக்கு ‘இப்போதைக்குச் சுபம்’ போதும்.

மொழிபெயர்ப்பவர் கவனிக்க வேண்டியது காலம். 20ஆம் நூற்றாண்டுக்கு முந்தைய ஆங்கில நூலில் ரொமான்ஸ் என்று வந்தால் காதல் என்று கைவைத்துவிடாமல் ‘புனைகதை’ அல்லது ‘சாகசக் கதை’ பொருந்துகிறதா என்று பார்க்க வேண்டும். ஆர்தர் மன்னன் கதைகளுக்கு ‘வீரக்காதற் கதை’ சரி. ரொமான்டிசிசம் என்ற இலக்கிய இயக்கத்துக்குக் ‘கற்பனாவாதம்’, ‘புனைவியல்’ என்று இரண்டு சொற்கள் நிலைத்துவிட்டன, அங்கே காதலுக்கு வேலையில்லை. பிரெஞ்சு நூலொன்றின் அட்டையில் தலைப்புக்குக் கீழே ‘ரொமான்’ என்று சின்ன எழுத்தில் இருந்தால் அது நாவல், அவ்வளவுதான். உள்ளே ஒரு முத்தம்கூட இல்லாமல் இருக்கலாம்.