தேடுபெட்டி உங்கள் கேள்வியைப் படிப்பதில்லை

உளவியல் மாணவர்களுக்கு ஆய்வுத் தரவுத்தளத்தில் தேடக் கற்றுக்கொடுக்கும்போது, முதலில் கணினியைத் திறக்காமல் இருப்பதே நல்லது. கேள்வியைத் தாளில் எழுதிப் பிரிக்கட்டும். 'இரவில் ஸ்மார்ட்ஃபோன் பார்ப்பதால் கல்லூரி மாணவர்களின் தூக்கம் பாதிக்கப்படுகிறதா?' இதில் தேட வேண்டியவை மூன்றே: ஸ்மார்ட்ஃபோன், தூக்கம், கல்லூரி மாணவர். 'பாதிப்பு' என்பதற்கான ஆங்கிலச் சொல்லையும் சேர்த்துத் தட்டினால், அதையே 'தொடர்பு' என்று எழுதியவரின் கட்டுரை வராமல் போகும். விடையைத் தன்னுள்ளேயே வைத்திருக்கும் சொல்லைக் கொண்டு தேடினால், அந்த விடைக்குச் சாதகமான ஆய்வுகள்தான் அதிகம் கண்ணில் படும்.

சரி, மூன்றையும் எப்படிக் கோப்பது? ஒரே பொருளுள்ள சொற்களை 'ஆர்' (OR, அல்லது) சேர்க்கும். வெவ்வேறு கருத்துகளை 'அண்ட்' (AND, மற்றும்) இணைக்கும். இந்தத் தர்க்கம் ஜார்ஜ் பூல் என்ற கணித மேதையுடையது. 1854இல் அவர் சிந்தனையின் விதிகளையே கணிதமாக எழுத முயன்றார் என்பது உளவியல் மாணவர்களுக்குப் பிடிக்கும் செய்தி. அடைப்புக்குறி முக்கியம். அமெரிக்கத் தேசிய மருத்துவ நூலகம் இலவசமாகத் தரும் பப்மெட் என்ற தரவுத்தளம், தேடல் வரியை இடமிருந்து வலமாகவே படிக்கும். 'ஸ்மார்ட்ஃபோன் அண்ட் ஸ்லீப் ஆர் இன்சோம்னியா' என்று விட்டால், ஃபோனுக்குச் சம்பந்தமே இல்லாத தூக்கமின்மைக் கட்டுரைகள் எல்லாம் வந்து குவியும். தூக்கம் பற்றிய இரண்டு சொற்களையும் அடைப்புக்குறிக்குள் போட்டால் சரியாகிவிடும்.

அடுத்தது, பலரும் கற்றுக்கொடுக்காமல் தாண்டிவிடும் பகுதி. ஒரே பிரச்சினையை ஆய்வாளர்கள் ஆளுக்கொரு பெயரில் எழுதுவார்கள். அதனால் தரவுத்தளங்கள் தங்களுக்கென ஒரு பொருட்சொல் பட்டியல் வைத்திருக்கின்றன. பப்மெட்டில் அதன் பெயர் மெஷ். அமெரிக்க உளவியல் சங்கத்தின் சைக்இன்ஃபோவுக்குத் தனிப் பட்டியல் உண்டு. ஆனால் அதற்குச் சந்தா வேண்டும். மெஷ்ஷில் தூக்கமின்மையின் தலைப்பு 'ஸ்லீப் இனிஷியேஷன் அண்ட் மெயின்டெனன்ஸ் டிஸ்ஆர்டர்ஸ்'. இதை யார் ஊகிக்க முடியும்? ஊகிக்கவும் வேண்டாம். பொருத்தமான ஒரு கட்டுரை கிடைத்தால், அதன் பதிவுக்குக் கீழே என்னென்ன மெஷ் சொற்கள் இருக்கின்றன என்று பார்த்து, அவற்றைத் தேடலில் சேர்த்தால் போதும். ஒரு நல்ல கட்டுரை பத்துக்கு வழிகாட்டும்.

வயதிலும் கவனம் தேவை. மெஷ் கணக்கில் 'அடொலசென்ட்' என்றால் 13 முதல் 18 வரை. 19 முதல் 24 வரை 'யங் அடல்ட்'. முதலாவதை மட்டும் தேர்ந்தெடுத்தால் கல்லூரி மாணவர்களில் பெரும்பகுதி விட்டுப்போகும்.

அதற்காக மெஷ்ஷை மட்டும் நம்பவும் கூடாது. பப்மெட்டில் உள்ள எல்லாக் கட்டுரைகளுக்கும் அந்தச் சொற்கள் இடப்படுவதில்லை. தலைப்பிலும் சுருக்கத்திலும் வரும் சாதாரணச் சொற்களையும் 'ஆர்' போட்டுச் சேர்க்க வேண்டும்.

'நாட்' (NOT, தவிர) கட்டளையை மாணவர்கள் ஆசையாகப் பயன்படுத்துவார்கள்; தடுத்துவிடுங்கள். 'குழந்தைகள் வேண்டாம்' என்று விலக்கினால், குழந்தைகளையும் கல்லூரி மாணவர்களையும் ஒப்பிட்ட ஆய்வும் சேர்ந்தே போய்விடும்.

அப்புறம், தேடல் வரியை அப்படியே, தரவுத்தளத்தின் பெயரோடும் தேதியோடும் குறித்து வைக்கச் சொல்லுங்கள். முறையான ஆய்வுத் தொகுப்புகளுக்கான ப்ரிஸ்மா 2020 வழிகாட்டி, ஒவ்வொரு தரவுத்தளத்திலும் இட்ட முழுத் தேடலையும் தரச் சொல்கிறது. வேறொருவர் அதே வரியைத் தட்டிச் சரிபார்க்க அது வேண்டும்.