விழும் கண்ணாடியைப் பிடிக்காதீர்கள்

கேரள–தமிழ்நாடு எல்லையோரக் கொழிஞ்சாம்பாறையில் ஒரு வீட்டு மாடி. ஐந்தடிக்கு நான்கடி, 5 மி.மீ. தடிமன் ஜன்னல் கண்ணாடியைச் சுவரோரம் வைத்திருந்தோம். சாய்வு போதவில்லை. காற்று ஒரு தள்ளு தள்ளியதும் முன்னால் சரிந்தது. உதவிக்கு வந்திருந்த பையன் இரண்டு கைகளையும் நீட்டித் தாங்கப் பார்த்தான். முழங்கைக்குக் கீழே பிளந்துவிட்டது.

ஆஸ்பத்திரியில் அவனிடம் ஏன் பிடித்தாய் என்று கேட்டேன். "உடைந்தால் கூலியில் கழிப்பீர்கள் என்று பயந்தேன் அண்ணா" என்றான். அன்று இரவு எனக்குத் தூக்கமில்லை.

ஜன்னல் வேலை என்றால் எல்லோருக்கும் உயரம்தான் பயம். நியாயமான பயமே, கெட்டியான சாரமும் இடுப்புக் கயிறும் இல்லாமல் மேலே ஏறக் கூடாது. ஆனால் நான் பார்த்த ஆழமான வெட்டுகளில் பெரும்பாலானவை, வண்டியிலிருந்து இறக்கும்போதும் சாய்த்து வைக்கும்போதும் நேர்ந்தவை.

கண்ணாடியின் எடைக் கணக்கு எளிது. ஒரு சதுர மீட்டருக்கு, மில்லிமீட்டர் தடிமன் ஒவ்வொன்றுக்கும் இரண்டரை கிலோ. அன்று சரிந்தது சுமார் 23 கிலோ. ஒருவரே தூக்கிவிடலாம் என்று ஆசை காட்டும் எடை. தூக்காதீர்கள், இருவர் வேண்டும். ஆனி, ஆடியில் பாலக்காட்டுக் கணவாய்க் காற்று மணிக்கு 40 கிலோமீட்டரில் வீசினால், அதே கண்ணாடியை 15 கிலோ பாரம் தள்ளுவதுபோலத் தள்ளும். அந்த மாதங்களில் காலையில் காற்று எழும் முன்பே மாடிக்கு ஏற்றிவிடுகிறோம். அடியில் மரச்சட்டம் வைத்து, சுவரில் நன்றாகச் சாய்த்து, கயிற்றால் கட்டிய பிறகுதான் கையை எடுக்கிறோம். மழையில் நனைந்த கண்ணாடியைத் துடைக்காமல் தொடுவதில்லை.

குளியலறைக்கும் படிக்கட்டுக்கும் டஃபண்டு (சூடாக்கி உறுதியேற்றிய) கண்ணாடியே போடுங்கள் என்று வீட்டுக்காரர்களிடம் மன்றாடுகிறேன். சாதாரணக் கண்ணாடி கத்தியாகப் பிளக்கும். டஃபண்டு சிறு மணிகளாக உதிரும். ஆனால் டஃபண்டின் நடுப்பகுதி தாங்கும் அடியை அதன் விளிம்பு தாங்காது. மூலை கல்தரையில் முட்டினால் முழுவதும் போய்விடும். கண்ணுக்குக் கண்ணாடி அணியாமல் அதன் பக்கத்தில் நிற்காதீர்கள்.

வெட்டுப்பட்டால் சுத்தமான துணியால் அழுத்திப் பிடித்துக் கையை உயர்த்துங்கள். சில்லு உள்ளே இருந்தால் பிடுங்கக் கூடாது. அதன் இருபுறமும் அழுத்துங்கள். எல்லைக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஆம்புலன்ஸுக்கு 108தான்.

இப்போது புதிதாக வருபவருக்குக் கையுறை கொடுக்கும்போதே இரண்டு விஷயங்களைச் சொல்லிவிடுகிறேன். "விடு" என்று யார் கத்தினாலும் கையை எடுத்துவிட்டு விலக வேண்டும். உடைந்த கண்ணாடிக்குக் கூலியில் ஒரு ரூபாய்கூடக் கழிக்க மாட்டேன்.